மதகுக்கு நேர்ந்த சேவல்

அரசாங்கத்துக்குத் துளசிராமன் மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தானே விரோதம் வரும்? நிலத் தீர்வை கட்டுகிற மாசி மாதத்தில் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். மற்ற மாதங்களில் அவர் போடும் மனுக்கள் பொன்னேரி தாலுகா ஆபீசில் நிம்மதியாகத் தூங்கும்.

எல்லா மனுவிலும் ஒரே விஷயம்தான். கவரைப்பேட்டைக்கு மேற்கே உள்ள கொல்லம்பேட்டில் ஏரி மதகின் கதவு வெள்ளத்தில் பெயர்ந்து போய் மூன்று வருஷம் ஆகிறது. ஐப்பசி மழையில் ஏரி ததும்பும். கார்த்திகை முடிவதற்குள் அத்தனை தண்ணீரும் உடைந்த மதகு வழியாகத் தப்பி ஓடிவிடும். சம்பா கதிர் தள்ளுகிற மார்கழியில் ஏரிக்குள் ஆடு மேயும். துளசிராமனின் மூன்று காணியும் கணக்கில் நஞ்சை. நஞ்சை என்றால் தண்ணீருக்கும் சேர்த்துத் தீர்வை. வராத தண்ணீருக்கு அவர் வருஷம் தவறாமல் பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் ஊரார் கூடி வைக்கோலும் களிமண்ணும் வைத்து மதகை அடைத்தார்கள். எத்தனை மனுப் போட்டும் வராத ஓவர்சியர் மறுநாளே சைக்கிளில் வந்து இறங்கினார். மதகு அரசாங்கச் சொத்து, அதில் கை வைத்தால் கேஸ் என்று மிரட்டி, அடைப்பைப் பிடுங்கிப் போடச் சொல்லிவிட்டுப் போனார். அரசாங்கம் சுறுசுறுப்பாக வேலை செய்து துளசிராமன் கண்ணால் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் பேப்பர் வரும். பட்ஜெட் வந்த அன்றைக்கு அவர் அதை வரி விடாமல் படித்தார். அணாவை ஒழித்து நயா பைசாவைக் கொண்டுவந்த வருஷம் அது. சில்லறைதான் சின்னதாகியிருந்தது. பட்ஜெட்டில் எல்லாம் கோடி.

"இன்னா நைனா, ஒம் மதகு அதுல கீதா?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்துல் கனி. பழவேற்காட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்து பட்டணத்துக்கு ரயிலேற்றுகிற வியாபாரி.

"இல்ல பாய். எண்ணூறு ரூபா வேலை. அத்தினி கோடிக்கு நடுவுல அது எங்க குந்தும்?"

"எனக்கு விற்பனை வரின்றான். கருவாடு நாறுதுன்னு மூக்கப் பொத்திக்கினு ரசீது கிழிக்கறான். துட்டு மட்டும் அவனுக்கு நாறல." கனி டீயைக் குடித்து முடித்தார். "பேஜாரு புடிச்ச பொழப்பு."

அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை என்று முதலில் முடிவு செய்தவள் துளசிராமனின் மனைவி குணசுந்தரி. அந்த ஆடியில் பெரியபாளையத்துக்குப் போய் வேப்பிலை கட்டிக்கொண்டு பவானி அம்மன் எதிரில் நின்றாள். "தாயே, மதக கட்டிக் குடு. எங்கூட்டு செவலைச் சேவல ஒந்தோப்புல பொங்க வச்சி படைக்கறேன்" என்று வேண்டிக்கொண்டாள். மனுவுக்கு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஆத்தாளுக்கு அதெல்லாம் வேண்டாம்.

ஆவணியில் அரசாங்கம் கொல்லம்பேட்டுக்கு வந்தது. மதகோடு அல்ல, சேவலோடு. கோழி அபிவிருத்தித் திட்டமாம். கிராம சேவகர் ஆதிகேசவன் ஒரு மூங்கில் கூடையில் வெள்ளை வெளேரென்று சீமைச் சேவல்களைக் கொண்டுவந்து இறக்கினார். வீட்டுக்கு ஒன்று. பதிலுக்கு நாட்டுச் சேவல்களைக் கொடுத்துவிட வேண்டும். அவை ஊரில் இருந்தால் இனம் கெட்டுவிடுமாம். அந்த நாட்டுச் சேவல்கள் பிறகு எந்த பங்களாவில் குழம்பாகி நாட்டுக்கு உழைத்தன என்பது எந்த அறிக்கையிலும் வரவில்லை.

"இது ஆத்தாவுக்கு நேந்துக்கினது. குடுக்க மாட்டேன்" என்றாள் குணசுந்தரி.

"அக்கா, ஒன்னுது ஒன்றரை ராத்தல் தேறாது. சர்க்கார் சேவலப் பாரு, எம்மாம் பெரிசு! ஆத்தாவுக்கு இது இன்னும் நல்லாருக்கும்." ஆதிகேசவன் நல்லவர்தான். மாலைக்குள் கணக்கு முடிய வேண்டுமென்ற அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

குணசுந்தரி அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டாள். செவலை போனது, வெள்ளை வந்தது. வந்த நிமிஷத்திலிருந்து வெள்ளை ஆத்தாளுடைய சேவல். அதன் காலில் அரசாங்கம் அலுமினிய வளையம் மாட்டியிருந்தது. குணசுந்தரி மறுகாலில் மஞ்சள் துணி கட்டினாள்.

புரட்டாசியில் ஊர்க் கோழிகளைக் கழிச்சல் நோய் தாக்கியது. சீமைச் சேவல்கள் வரிசையாகச் சுருண்டு விழுந்தன. சுற்றுவட்டார ஊர்களிலும் அதே கதை. குணசுந்தரி தன் சேவலுக்கு மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் அரைத்து ஊட்டினாள், வீட்டுக்குள்ளேயே கூடையில் கவிழ்த்து வைத்தாள், ஆத்தா பேரைச் சொல்லித் திருநீறு போட்டாள். அது ஒன்றுதான் பிழைத்தது. கோழி அபிவிருத்தித் திட்டம் என்று அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்தது துளசிராமன் வீட்டு முற்றத்தில் தவிடு தின்றுகொண்டிருந்தது.

கார்த்திகையில் ஆதிகேசவன் மூச்சிரைக்க வந்தார். "அண்ணே, பெரிய ஆபீசர் வர்றாரு. மெட்ராசுக்கு ரிப்போர்ட்டு போவணும். உசுரோட ஒரு சேவலாவது காட்டணும். நீதான் மானத்தக் காப்பாத்தணும்."

துளசிராமன் வாழ்க்கையில் முதன்முறையாக அரசாங்கத்துக்கு அவரிடம் காரியம் ஆகவேண்டியிருந்தது. அவர் விடுவாரா? "காட்டறேன். ஆனா அவர மதகாண்ட இஸ்துக்கினு வரணும்."

"அவ்ளோதானே? வுடு, இட்டாறேன்."

ஜீப் வந்தது. ஆபீசர் இறங்கினார், கூடவே ஒரு போட்டோக்காரரும். சேவலைக் குளிப்பாட்டிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஆபீசர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு சேவல் தனியாக ஒன்று. துளசிராமன் ஓரமாகத் தெரிந்தார் என்று நகர்ந்து நிற்கச் சொன்னார்கள்.

ஆதிகேசவன் வாக்குத் தவறவில்லை. ஆபீசரை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். ஊரும் பின்னால் போனது, சேவலை இடுக்கிக்கொண்டு குணசுந்தரியும். உடைந்த மதகு வழியாகத் தண்ணீர் சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கரையின் அந்தப் பக்கம் பச்சைப் பயிர், இந்தப் பக்கம் வடிந்துகொண்டிருக்கும் ஏரி. ஆபீசர் கொஞ்ச நேரம் பார்த்தார். பாவம், அவரும் யாரோ விவசாயி பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும்.

"அக்கிரமமா இருக்கே! எவ்வளவு ஆகும்?"

"எண்ணூறு ரூபா சாமி" என்றார் துளசிராமன்.

"எண்ணூறுதானா? நம்ம அபிவிருத்தி நிதியிலேயே போட்டுடலாம். இந்த வாரமே ஆள் அனுப்பறேன்."

துளசிராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷம் திட்டிய திட்டெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்து போயிற்று. அரசாங்கத்தின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம் போலிருந்தது. அதற்குள் அவர் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"மவராசனா இருப்பே சாமி! மதகு கட்டி முடிஞ்ச அன்னிக்கே பெரியபாளையத்துக்குப் போயி இந்தச் சேவல அடிச்சிப் படைச்சிடறேன். ஒம்பேருக்கும் ஒரு கற்பூரம் ஏத்தறேன்!"

ஆதிகேசவன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எந்தச் சேவல?" என்றார் ஆபீசர்.

"இதான் சாமி. மதகுக்குன்னே நேந்துக்கினது. ஆத்தாளுது."

ஆபீசர் சேவலைப் பார்த்தார். அலுமினிய வளையத்தைப் பார்த்தார், மஞ்சள் துணியைப் பார்த்தார். "சேவலுக்குப் பதிலா வேற ஏதாவது..."

"அய்யே, சாமி குத்தம் ஆயிடும்!"

ஆபீசர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாகாணம் முழுக்கக் காட்ட வைத்திருக்கும் ஒரே சேவல். போட்டோ வேறு எடுத்தாகிவிட்டது. தை மாதம் பட்டணத்துப் பொருட்காட்சியில் அதற்குத் தனிக் கூண்டு ஏற்பாடாகியிருந்தது. மதகைக் கட்டினால் சேவல் போகும், சேவல் போனால் திட்டம் போகும்.

"மதகு விஷயத்தை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது" என்றார் மெதுவாக. "எஸ்டிமேட் போடணும். அடுத்த திட்டத்தில சேர்க்கலாம்." ஜீப்பில் ஏறும்போது ஆதிகேசவனிடம் திரும்பி, "சேவலுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

எண்ணூறு ரூபாய் கிடைக்கவில்லையே தவிர, அரசாங்கம் வெறுங்கையாய் விட்டுவிடவில்லை. சேவலுக்குத் தீனிப்படி என்று மாதம் இரண்டு ரூபாய் உத்தரவாயிற்று. மார்கழியில் ஏரி வறண்டது. தையில் சேவல் பொருட்காட்சிக்குப் போய், மெடல் வாங்கிக்கொண்டு இன்னும் கொழுத்துத் திரும்பி வந்தது. துளசிராமன் அறுத்துத் தூற்றியதில் களம் முழுக்கப் பதர். மூன்று காணிக்கு நாலு மூட்டை தேறவில்லை.

தீர்வைத் தள்ளுபடி கேட்டு மனுப் போட்டார். அதிசயமாக, அந்த மனுவுக்கு மட்டும் உடனே பதில் வந்தது. மனுதாரர் ஏற்கெனவே அரசாங்க உதவி பெற்று வருபவராதலால் தள்ளுபடிக்கு இடமில்லை. தீர்வை கட்டத் தவறினால் ஜப்தி. மணியக்காரர் குப்புராஜ் அதைப் படித்துக் காட்டும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

துளசிராமன் பொன்னேரிக்குப் போய்க் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். வந்தவர் நேரே களத்துக்குப் போனார். சேவல் பதரைக் கிளறிக்கொண்டிருந்தது. பாய்ந்து அதன் கழுத்தைப் பிடித்தார்.

"வுடுங்க!" குணசுந்தரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மதகு கட்டலியே, எப்டி அடிப்பீங்க? சர்க்கார் வேற ஜெயில்ல வெச்சிடுவான்."

அவர் பிடியை விட்டார். சேவல் இறகை உதறிக்கொண்டு மறுபடி மேயப் போயிற்று. அவள் அவர் பக்கத்தில் களத்திலேயே உட்கார்ந்தாள்.

"எம்மேலதான் தப்பு. சேவல நேந்துக்கினதே தப்பு" என்றாள். "வர்ற ஆடிக்கிப் போயி ஆத்தாகிட்ட மாத்திச் சொல்லிடறேன். சேவல் வோணாம் தாயீ, மதகு கட்டிட்டா என் கம்மலக் கழட்டி ஒன் உண்டியல்ல போட்டுடறேன்னு."

துளசிராமன் அவள் காதைப் பார்த்தார். அவள் பேச்சு வேகத்தில் காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். அங்கே காலையில் செருகிய வேப்பங்குச்சி இருந்தது. கம்மல் அன்றைக்குத்தான் பொன்னேரி சேட்டு அடகுக் கடை வழியாகத் தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறந்தே போய்விட்டாள்.

அவள் கையை எடுக்கவே இல்லை. துளசிராமனுக்கு அழுகை வந்தது, அழுதார்.

பொழுது சாய்ந்ததும் இருவரும் எழுந்தார்கள். அவர் மடியில் அந்த மாதத்துத் தீனிப்படி இரண்டு ரூபாய் இருந்தது. கடைக்குப் போய்ச் சேவலுக்குத் தவிடு வாங்கி வந்தார்.