மார்ஸ்டன் குடும்பம்

“குடும்பத்துக்கு எத்தனை பெஞ்சு விடணும்?” தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கிளைவ் கையில் அட்டைகளோடு நின்றார். ஒவ்வோர் அட்டையிலும் ‘மார்ஸ்டன் குடும்பம்’ என்று எழுதியிருந்தது.

“ஒண்ணே அதிகம் கிளைவ். நான் ஒருத்திதானே,” என்றாள் ஜூடித்.

“முன்னாடி ஆறு விடுறதுதாம்மா வழக்கம்.” அட்டைகளை வைத்துவிட்டு அவர் போனார்.

செவ்வாய்க்கிழமை இறந்துபோன அவளுடைய அப்பா வில்ஃப், கைக்குழந்தையாக இதே தேவாலய வாசலில் ஒரு காய்கறிக் கூடையில் கிடந்தவர். யார் பெற்ற பிள்ளையோ, ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துவிட்டார்கள். மார்ஸ்டன் என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்க ஊர்களும் உண்டு, ஆட்களும் உண்டு. அவருக்கு உறவென்று ஒருவரும் இல்லை. வேலையிலிருந்து ஓயும்வரை இந்த ஊருக்குப் பால் வண்டி ஓட்டினார். அம்மாவின் ஊரில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கத்துப் பெஞ்சுகள் முழுக்கக் காலியாம். அம்மா அதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் அப்பா டீ போட எழுந்துவிடுவார். இன்றும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று ஜூடித் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

சவப்பெட்டியை வைத்தார்கள். ஊர்க்காரர்கள் வந்தார்கள். கடைசிப் பெஞ்சிலிருந்துதான் நிரம்பியது. முன்னால் உட்காருவதென்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் எட்டிக்காய்.

பக்கத்து வீட்டு டோரீன் மட்டும் தடியை ஊன்றி நேரே முன்னால் வந்தார். “நகரு கண்ணு.”

“அது குடும்பத்துக்குன்னு...” கிளைவ் இழுத்தார்.

“கண்ணாடியப் போட்டுப் படி. மார்ஸ்டன் குடும்பம்னுதானே இருக்கு? நாங்க என்ன, லண்டன் குடும்பமா?” உட்கார்ந்தபடியே ஜூடித்திடம் திரும்பினார். “உங்கப்பா கல்யாணத்துக்கு ஊரே பஸ் புடிச்சுக் கிளம்புனோம். மேட்டுல பனியில சிக்கிக்கிச்சு. உங்கம்மா கடைசிவரைக்கும் நம்பலையே!” பிறகு பின்பக்கம் பார்த்து, “அங்கயே குந்தி வேடிக்கை பாக்கப் போறீங்களா?”

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ரொட்டிக் கடைக்காரர், தபால்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர் என்று ஒவ்வொருவராக முன்னால் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஜூடித் ஒவ்வொருவருக்கும் நன்றியோடு தலையசைத்தாள். டோரீன் அவள் கையில் ஒரு புதினா மிட்டாயைத் திணித்தார்.

பாதிரியார் கடைசிப் பெஞ்சுகளுக்குக் கத்தியே பழகியவர். வழக்கம்போல் உரக்கத் தொடங்கினார். கைக்கெட்டும் தூரத்தில் இத்தனை முகங்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.