ஊன்றிக்கொள்ள ஓர் இடம்

பல் டாக்டர் நாகேஷுக்கு ஐம்பது வயதுக்குமேல் ரேடியோ செய்கிற ஆசை வந்தது என்றால் யார் நம்புவார்கள்? மனைவி சரளா நம்பினாள். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிவந்த போர்டையும் ஒயர்களையும் காக்ஸ் டவுன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

ஆசையாவது மண்ணாங்கட்டியாவது! போன வாரம் கிளினிக்கில் வள்ளியம்மா என்கிற நோயாளியின் பல்லைக் குடையும்போது கருவி சறுக்கி உதட்டைக் கிழித்துவிட்டது. "அசையாதீங்கன்னு சொன்னேன்ல?" என்று அந்த அம்மாளையே அதட்டி அனுப்பினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். கை நடுங்குகிறதா, இல்லையா? நாளைக்கு மிச்ச வேலைக்கு வள்ளியம்மா மறுபடி வருகிறாள். அதற்குள் தெரிந்தாக வேண்டும். மெல்லிய ஒயரைப் போர்டின் பொடிப்பொடி ஓட்டைகளில் வைத்து, ஈயத்தை உருக்கி சால்டர் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

போனில் பார்த்துக் கற்ற பாடம் சுலபமானதுதான். முதலில் ஒயரையும் போர்டையும் சூடாக்கு, பிறகு ஈயத்தைக் கொடு, உருகி ஓடியதும் கையை எடு. பாடம் புரிந்தது, கைதான் கேட்கவில்லை. ஈயம் பக்கத்துப் புள்ளியிலும் சேர்ந்து அப்பிக்கொண்டது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் அப்பியது.

"பல்லு வேலைன்னா பக்கத்துப் பல்லுல விரல ஊனிக்குவேன். இங்க ஊன இடமே இல்ல, அதான்," என்றார், யாரும் கேட்காமலே.

"அவ்ளோதானே? என் கைமேல ஊனிக்கோங்க." சரளா பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

மோதிர விரலை அவள் புறங்கையில் ஊன்றி, சூடேறிய சால்டர் அயர்னை இறக்கினார். நுனி தடம் மாறிப் போர்டைச் சுட்டது.

"ஸ்வல்ப சும்மா இரு சரளா! ஆட்டுறியே!"

அவள் முகம் மாறிவிட்டது. எழுந்துபோய் அஞ்சறைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "இது ஆடாதுங்க," என்றாள்.

கனமான எவர்சில்வர் பெட்டி. மூடிமேல் விரலை ஊன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூடி கடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பாவி விரலே, நில்லேன்! அழுத்தினார், சத்தம் கூடியது.

சரளா பிளக்கைப் பிடுங்கினாள். "எத்தன நாளா இப்படி?"

"அந்தம்மா அசையவே இல்ல, சரளா," என்றார். "வாயத் தொறந்துக்கினு அப்படியே இருந்தாங்க. நான்தான் ஆட்டினேன். திட்டி வேற அனுப்பினேன்."

நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடப் போனை எடுத்தார். வள்ளியம்மாவின் பெயரைத் தொடப் போன விரல் பக்கத்துப் பெயரைத் தொட்டது. சரளா போனை வாங்கி, சரியான பெயரை அழுத்தி, அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் நாகேஷ் பேசறேம்மா. உதடு ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு சார்," என்றாள் வள்ளியம்மா பதறிக்கொண்டு. "கோச்சுக்காதீங்க சார். நாளைக்கு நான் கொஞ்சங்கூட அசைய மாட்டேன்."