சம்பளத்துக்குப் பதில் வெள்ளிக்கிழமை

லிப்ட் கம்பெனியின் வக்கீலுக்கு அடுத்தவருக்காகப் பேசச் சொன்னால் வாய் மூடாது. தனக்கென்று வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நடுவழியில் நின்றுபோன லிப்டுக்காக யார் வழக்குப் போட்டாலும் கம்பெனி பக்கம் நின்று வெளுத்து வாங்குவாள். சம்பளத்தை உயர்த்துங்கள் என்று கேட்க மட்டும் இத்தனை வருடமாக வாய் வரவில்லை.

கடைசியில் அவளைக் கேட்க வைத்தது பணத்தாசை இல்லை. அவள் கணவர் தொலைதூர நகரத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். உள்ளூரிலும் அந்த வேலை உண்டு, பாதிச் சம்பளத்துக்கு. வீட்டுக் கடன் கழுத்தைப் பிடித்திருந்ததால் அவர் அங்கே, இவள் இங்கே என்று குடித்தனம் நடந்தது. மாதம் ஒருமுறை வருவார். வருகிற அன்றைக்கென்று பார்த்து இவளுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும்.

"உனக்கு நியாயமா குடுத்தாங்கன்னா நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடுவேன்," என்பார் போனில். "கேட்டுத்தான் பாரேன்."

கேட்டுவிட்டாள். நிர்வாகம் சம்பளப் பிரிவு அதிகாரியை அனுப்பியது. சிரிக்கக்கூடக் காசு கேட்பார் போலிருந்தது அவர் முகம். ஒரு வாரம் அவள் அறையிலேயே நாற்காலி போட்டு, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். திறந்த சாப்பாட்டு டப்பா ஆறிப்போவதையும் கவனித்தார். மற்ற கம்பெனி வக்கீல்களின் சம்பளத்தையும் விசாரித்தார்.

"மேடம், ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன்," என்றார் வாரக் கடைசியில். "உங்க வேலைக்கு இந்தச் சம்பளம் நியாயம்தான். வெளியிலயும் இதான் நிலவரம். ஆனா ரெண்டு பேர் வேலையை நீங்க ஒருத்தரே இழுக்கறீங்க. அதுக்கு எந்தச் சம்பளமும் பத்தாது. இன்னொரு வக்கீலைப் போடச் சொல்றேன். நீங்க சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் முகம் விழுந்துபோனது.

"சாயங்காலமே போய்ச் சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காரவா சார்?"

"வீட்டுக்காரர் இல்லையா?"

சொன்னாள். அவர் எங்கே, இவள் எங்கே என்பதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்ததும் வக்கீல் புத்தி விழித்துக்கொண்டது.

"மிச்சமாகிற நேரத்தைத் தினமும் துண்டு துண்டாத் தராதீங்க. மொத்தமாத் தாங்க. நாலு நாள் இருட்டற வரைக்கும் இருக்கேன். வெள்ளிக்கிழமை எனக்கு வேணும்."

"வெள்ளிக்கிழமை கோர்ட் இருக்குமே?"

"அதுக்குத்தானே சார் ஆள் போடறீங்க?"

அதிகாரி காசு வாங்காமலே சிரித்துவிட்டார். நிர்வாகமும் ஒத்துக்கொண்டது.

"சம்பளம் ஏறலைங்க," என்றாள் போனில்.

"விடு, பரவாயில்ல." அந்தக் குரலில் பரவாயில்லாதது நிறைய இருந்தது.

"ஆனா இனிமே வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஏறிடுவேன். வாரா வாரம்."

"வாரா வாரமா?" நம்பாமல் திரும்பவும் கேட்டார்.

புது வக்கீல் சேர்ந்த வாரமே கிளம்பினாள். காலையில் போய் இறங்கியபோது அவர் டூட்டியில் இருந்தார். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தாள். இதுவரை அவள் பார்த்திராத அறை. ஒற்றைக் கட்டில், ஒற்றை டம்ளர், கொடியில் காயும் வெள்ளைக் கோட்டு. இப்படியா இருந்திருக்கிறார் மனுஷன் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. தலையணையில் அவர் வாசனை. முகம் புதைத்துப் படுத்தவள் அப்படியே அசந்துவிட்டாள்.

கண் விழித்தபோது அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பியிருக்கலாமேங்க?"

"மனசு வரல." அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு பஸ்?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதாங்க. அதுக்குள்ள என்ன அந்தப் பேச்சு?"

அதட்டிவிட்டாளே தவிர, விழித்ததிலிருந்து அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.