பிரசாதம் சாப்பாடு இல்லையாம்

என் மகன் ஜெகதீஷுக்கு இரண்டு வயது எட்டு மாதம். வாயில் பதினெட்டுப் பல். அதில் ஆறைப் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னபோது என் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பால் பல்லு தானடா, எப்படியும் விழப்போறது தானே?" கேட்டது கூடப் பரவாயில்லை. கேட்டுக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு ஜெல்லி மிட்டாயை எடுத்துப் பிரித்து அவன் வாயில் வைத்தாள். டாக்டர் அறையின் வாசலில், பல்லைச் சொத்தை அரிக்கும் படம் ஒட்டியிருந்த சுவருக்குக் கீழேயே.

அக்கா பெயர் நாகம்மாள். ஐம்பத்து மூன்று வயது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த சந்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அண்ணாதுரை மாமா சிப்காட் பக்கம் ஒரு ஷெட் எடுத்து மூன்று லேத் போட்டு, கம்பெனிகளுக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறார். நான் மோகன்குமார், வண்டி உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். என் மனைவி சத்யப்ரியா வேறொரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஷிப்ட். அதனால் பையனை அக்காதான் பார்த்துக்கொண்டாள்.

கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து, என் நாற்பத்து மூன்றாவது வயதில் பிறந்தவன். எங்கள் வீட்டு ஆட்களுக்கு இந்த ஒரு காரணம் போதும். "எத்தினி வருசம் கழிச்சு வந்த புள்ளை, வாய்க்குப் புடிச்சதைத் தின்னட்டும்" என்பார்கள். தாமதமாகப் பிறந்தவனுக்குப் பல் இரும்பிலா முளைக்கும்?

காலையில் நாங்கள் விடும்போது டிபன் பாக்ஸில் இட்லி, வாழைப்பழம் கொடுத்து அனுப்புவோம். மாலையில் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். பையன் சட்டையில் மட்டும் ஆரஞ்சு நிறத் தூள் ஒட்டியிருக்கும். ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுத் தூள். பால் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு வாயில் வைத்தபடியே தூங்க வைப்பாள். கேட்டால், "சக்கரை இல்லன்னா குடிக்க மாட்டேங்கறான்" என்பாள். சர்க்கரையைக் காட்டியது யார் என்று கேட்டால் அழுவாள். அழுதால் மாமா வருவார்.

"ஏன் மாப்ள, புள்ளைக்கு ஒரு பிஸ்கட்டு குடுத்ததுக்கு இன்ஸ்பெக்சனா? உங்க கம்பெனின்னு நெனச்சியா?"

அவருக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் என் வேலையை இழுக்காவிட்டால் தூக்கம் வராது. மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரியாதவர் இருபது வருடமாக லேத் ஓட்டுகிறார். அவர் பீஸ் எத்தனை திரும்பி வருகிறது என்று எனக்குத் தெரியும். சொல்வதில்லை.

முன்பல் நான்கும் முதலில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக வந்தது. பிறகு பழுப்பு. பிறகு ஓரம் உடைந்து கருப்பு. போன ஆடியில் கடவாய்ப் பல் இரண்டின் அடியில் சீழ் கோத்து கன்னம் வீங்கியது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே பையன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் பிடித்து உட்கார வைத்துப் பிடுங்க முடியாது, மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்றார். மயக்க மருந்து டாக்டர் பெங்களூரிலிருந்து வருபவர். அவருக்குத் தோதான நாள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை ஒன்பதரை மணி என்று அமைந்தது.

ஓசூரில் ஆயுத பூஜை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கம்பெனியும் ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கும். வீட்டில் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேரோ அத்தனை பாக்ஸ். மெஷினுக்கு மாலை, பூசணிக்காய், பொரி. எங்கள் வீட்டில் இரண்டு பாக்ஸ். அக்கா வீட்டு பிரிட்ஜில் ஆறு. மாமாவிடம் வேலை கொடுக்கும் பார்ட்டிகள் கொடுத்தது. லேத் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று மாமா ஷெட்டில் எப்போதும் ஒரு நாள் முந்தியே காலை ஆறு மணிக்குப் பூஜை போட்டுவிடுவார்.

இரண்டு நாள் முன்பே அக்காவை உட்கார வைத்துச் சொன்னேன்.

"அக்கா, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவனுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. வவுறு காலியா இருக்கணும். மயக்கம் குடுக்கும்போது உள்ள இருக்கறது மேல வந்து நெஞ்சுக்குள்ள போயிட்டா உசுருக்கே ஆபத்து. புரியுதா?"

"எனக்குத் தெரியாதா? மூணு புள்ள பெத்தவ நானு."

"சாப்பாடு, பால், பிஸ்கட், சாக்லேட், எதுவும் கூடாது."

"பச்சத் தண்ணி கூடக் குடுக்க மாட்டேன்டா. போதுமா? எழுதிக் கையெழுத்து வேணுமா?"

எழுதி வாங்கியிருக்க வேண்டும். அதுவும் பிரயோஜனப்பட்டிருக்காது.

பல் பிடுங்கும் நாளன்று நான் ராத்திரி சி ஷிப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சத்யப்ரியா ஆஸ்பத்திரிக்குப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். பையன் இல்லை.

"எங்க?"

"அண்ணி வந்து தூக்கிட்டுப் போனாங்க. பூஜையில நிக்க வச்சு, ஆபரேசன் நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கிட்டுக் கூட்டியாரேன்னாங்க. வேண்டாம்னு சொன்னா அந்தக் காலைலயே சண்டை. ஒண்ணும் குடுத்துராதீங்கன்னு மூணு வாட்டி சொன்னேன்."

ஏழே கால் மணிக்கு அக்கா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நெற்றியில் குங்குமம், கன்னத்தில் சந்தனம். நானும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று மாமாவோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள்.

"குழந்தை எதாவது சாப்பிட்டானா?"

"இல்லம்மா" என்றாள் அக்கா, நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்.

"பால்?"

"இல்ல."

"தண்ணி?"

"அட, பச்சத் தண்ணி கூட இல்லம்மா. பாவம், காலைலருந்து வெறும் வவுத்தோட இருக்கறான்."

நர்ஸ் டிக் போட்டாள். பையனுக்குப் பச்சைச் சட்டை மாட்டினார்கள். மயக்க மருந்து டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பையன் மட்டும் அழாமல் இருந்தான். பசியெடுத்தால் பத்து நிமிடம் பொறுக்காதவன் காலை ஒன்பது மணி வரை ஒரு முனகல் கூட இல்லை.

எங்கள் கம்பெனியில் ஆபரேட்டரிடம் "பீஸ் ஓகேவா?" என்று கேட்டால் எல்லாரும் ஓகே என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை. அவர்கள் கணக்கில் அது ஓகே. அதனால் நாங்கள் அப்படிக் கேட்க மாட்டோம். "எந்தப் பீஸை எத்தனை மணிக்கு எதால செக் பண்ணே?" என்று கேட்போம். அப்போதுதான் உண்மை வரும்.

நான் அக்காவிடம் சாதாரணமாகக் கேட்டேன்.

"பூஜை நல்லா நடந்துச்சாக்கா? என்ன பிரசாதம் இந்த வருசம்?"

அவள் முகம் மலர்ந்தது. "அருமையா நடந்துச்சுடா. ரவா கேசரி நானே கிண்டுனேன், முந்திரி போட்டு. பொரி, கடலை, வெல்லம், சுண்டல்."

"ஜெகா எதைச் சாப்பிட்டான்?"

"கேசரி தான் அவனுக்கு உசுரு. நெய்யி வடிய வடிய ரெண்டு கரண்டி..."

அங்கேயே நிறுத்தினாள். நிறுத்தியது தப்பு செய்துவிட்டோம் என்று இல்லை. எல்லாரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று.

"குடுக்கலேன்னு சொன்னீங்களேம்மா!" நர்ஸ் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாப்பாடு குடுக்கலம்மா. அது பிரசாதம். சாமிக்கு வச்சது. சாமி பிரசாதத்தை வேண்டாம்னு சொல்றதா? ஆபரேசன் பண்ணப் போற புள்ளைக்கு?"

மயக்க மருந்து டாக்டர் அமைதியான மனிதர். வயிற்றில் இருக்கும் கேசரி மயக்கத்தில் தொண்டைக்கு வந்தால் மூச்சுக்குழாயில் போகும், நுரையீரல் கெடும், சில குழந்தைகள் பிழைக்காது என்று பொறுமையாகச் சொன்னார். பாதித் தமிழ், பாதிக் கன்னடம். யாருக்கும் புரியாமல் போக வாய்ப்பே இல்லை.

மாமா முன்னால் வந்தார். "சார், பிரசாதம் நுரையீரலுக்கெல்லாம் போவாதுங்க சார். நான் இருவது வருசமா பூஜை போடறேன். ஒருத்தனுக்கு ஒண்ணும் ஆனதில்ல."

டாக்டர் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "இன்னைக்கு இல்ல. பதினொரு மணிக்கு எனக்கு வேற ஊர்ல கேஸ் இருக்கு. பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார். மாமாவுக்குப் பதில் சொல்லி ஒரு வார்த்தையை அவர் வீணாக்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

பத்து நாள். வலிக்கு ஒரு சிரப், சீழுக்கு ஒரு சிரப். பையன் கஞ்சியைக் கூட ஒரு பக்கமாகத்தான் விழுங்கினான். தூக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். சத்யப்ரியா சம்பளமில்லாத லீவ் போட்டாள்.

இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அக்கா பேசி அனுப்பினாள். அழுகைக் குரல். "என் தம்பி சாமிய கொறை சொல்லி ஆபரேசன நிறுத்திட்டான். ஒரு கரண்டி கேசரிக்கு எம்மேல கொலப்பழி போடறான்." இரண்டு கரண்டி ஒரு கரண்டியாகிவிட்டது. கீழே பதிலுக்குக் கும்பிடும் கைப் படங்களாக வந்து விழுந்தன. சிங்காரப்பேட்டையிலிருந்து பெரியப்பா மகன் ஜெகதீசன் அண்ணன் போன் செய்தார். என் பையனுக்குத் தன் பெயரைத்தான் வைத்தோம் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிபவர்.

"ஏன்டா மோகனு, நாமல்லாம் சக்கரை, வெல்லம் தின்னு வளரலையா? நமக்கு என்ன ஆச்சு?"

"அண்ணே, உங்க வாயில இப்ப எத்தினி பல்லு இருக்குது?"

"செட்டு போட்டிருக்கறேன், அதுக்கென்ன இப்ப?" என்றார்.

"அதான் ஆச்சு" என்று வைத்துவிட்டேன்.

பத்தாம் நாள் யாரையும் கூப்பிடாமல் நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். ஒன்றரை மணி நேரம். ஆறு பல்லும் வந்தன. ஒரு சின்னக் கிண்ணத்தில் பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார்கள். அரிசி அளவு, கருப்பாக. சத்யப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

வெளியே வரும்போது பல் டாக்டர் சொன்னதுதான் வேடிக்கை. "இன்னைக்குச் சூடா எதுவும் வேண்டாம். குளிர்ந்த கஞ்சி, தயிர் குடுங்க. கொஞ்சம் ஐஸ்கிரீம் கூடக் குடுக்கலாம், ரத்தம் நிக்கும்."

இதைச் சத்யப்ரியா போனில் யாரிடமோ சொல்லி, அந்த யாரோ அக்காவிடம் சொல்லி, சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா எங்கள் வாசலில் நின்றாள். கையில் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா.

"டாக்டரே சொல்லிட்டாராம்ல?" என்றாள். பத்து நாளாக வராத சிரிப்பு முகத்தில் வந்திருந்தது. "இப்ப என்னடா சொல்றே?"

பையன் "அத்தை" என்று கையை நீட்டினான். வாய் மரத்துப் போயிருந்ததால் அது "அப்பை" என்றுதான் வந்தது. அக்கா உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். உண்மையான அழுகைதான். அதை நான் மறுக்கவில்லை. பையன் மேல் உசிரையே வைத்திருக்கிறாள். ஆனால் அந்த உசிரை ஸ்பூனில் ஊட்டினால்தான் அவளுக்குத் திருப்தி.

"திங்கக்கிழமைலருந்து அனுப்புடா. புள்ள இல்லாம வூடு வூடாவே இல்ல. இனிமே நீ சொல்றபடி தான். சத்தியமா."

சத்யப்ரியா என்னைப் பார்த்தாள். அவளுடைய லீவ் ஞாயிறோடு முடிகிறது. திங்கட்கிழமை போகாவிட்டால் வேறு ஆள் எடுப்பதாக லைன் லீடர் சொல்லிவிட்டார். பையனை விட்டுப்போக எங்களுக்கு வேறு இடமில்லை. அக்காவுக்கும் அது தெரியும்.

"நாலு ஸ்பூன்" என்றேன். "சின்ன ஸ்பூன். அதுக்கு மேல வேண்டாம். பாக்கறேன்."

"செரி. நாலு."

ஒன்று ஊட்டினாள். பாதி தாடையில் வழிந்தது. இரண்டு. மூன்று. அவளே வாய்விட்டு எண்ணினாள், எனக்குக் கேட்கட்டும் என்று. நாலு என்று சொல்லி டப்பாவை மூடினாள். திங்கட்கிழமைக்கு நான் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். மனது அந்த அளவுக்கு இறங்கிவிட்டது.

உள்ளே போய்ச் சிரப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். அரை நிமிடம்தான். நான் வருவது தெரியாமல் அவள் விரலை டப்பாவுக்குள் விட்டு வழித்து அவன் நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஸ்பூன் நாலு தானடா" என்றாள், என்னைப் பார்த்ததும். "இது வெரலு."

சத்யப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் கூட வரவில்லை. அளவு பார்க்கும் கேஜில் வைத்த உடனே தப்பு தெரியும் பீஸை இரண்டாம் முறை யாரும் வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

"திங்கக்கிழமை வரமாட்டான்க்கா" என்றேன்.

"ஒரு வெரலுக்காடா?"

"ஆமா."

"அப்ப யாரு பாத்துக்குவாங்க? நீயா?"

"நான்தான்."

அவள் நம்பவில்லை. நாளைக்கே தம்பி வந்து கூப்பிடுவான் என்று மாமாவிடம் சொல்லியிருப்பாள். நான் அன்றே என் இன்சார்ஜுக்குப் போன் செய்து நிரந்தரமாக சி ஷிப்ட் கேட்டேன். யாரும் கேட்காத ஷிப்ட், உடனே கொடுத்துவிட்டார். சத்யப்ரியாவுக்குக் காலை ஏ ஷிப்ட். அவள் ஐந்தரைக்கு பஸ் ஏறினால் நான் ஏழுக்கு வருவேன். நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரம் பக்கத்து வீட்டு மாரம்மா தூங்குகிற பையன் அருகில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் சரியாக வராது, ஆனால் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று புரிகிறது. பகலில் அவன் விளையாட, நான் பக்கத்தில் பாதிக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன். மதியம் அவள் வந்த பிறகு தூங்கி, ராத்திரி எழுந்து நேரே வேலைக்குப் போகிறேன். நானும் சத்யப்ரியாவும் சேர்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அக்கா தினமும் சந்து முனையில் நின்று எங்கள் வீட்டைப் பார்க்கிறாள். வந்தால் வரட்டும், பார்க்கட்டும், தூக்கட்டும். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். ஆனால் கையைக் காட்டச் சொல்லி, பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். மாமா இதற்கு மேல் ஒரு அவமானம் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். நேற்று அவள் பையில் இரண்டு ஜெல்லி மிட்டாய் இருந்தது.