அவருக்குப் பதில் இவர்

வசனகர்த்தாவின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாற்றப்பட்டாள். சமையலறையிலிருந்து டீயோடு வந்தது வேறொரு பெண். அவள் காலடியில், தரைக்கு ஒரு சாண் மேலே, 'அவருக்குப் பதில் இவர்' என்ற வெள்ளை எழுத்துகள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறைந்தன. தக்காளி விலை இறங்கியிருந்தது என்பதைத் தவிர அன்று தெருவில் வேறு விசேஷம் இல்லை.

அந்த எழுத்துகள் அவருக்கு நன்றாகத் தெரிந்தவைதான். அவர் எழுதிய குடும்பத் தொடருக்காக ஒரு காலத்தில் கடைகளை நேரத்தோடு சாத்தினார்கள். இப்போது அது சாகவும் மாட்டாமல் பிழைக்கவும் மாட்டாமல் இழுத்துக்கொண்டிருந்தது. செத்தவர்கள் திரும்பி வந்தார்கள். கன்னத்தில் விட்ட ஓர் அறை ஒரு வாரம் ஓடியது. அலுத்துப்போய்க் கதாநாயகியே விலகிக்கொண்டாள். எழுதியதையெல்லாம் முதலில் படிப்பதும், படித்துவிட்டு முகத்துக்கு நேரே திட்டுவதும் மனைவிதான். "இத்தனை வருஷம் இருந்தவ. போறதுக்கு ஒரு காட்சியாவது எழுதுங்க" என்றாள். "எழுத்தைப் போட்டா போதும். ரெண்டு வாரத்துல ஜனங்க பழகிடுவாங்க" என்று அவர் படுக்கப் போய்விட்டார். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

புதியவளை ஒரு குறை சொல்ல முடியாது. அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கே கிடக்கும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தாள். மகளிடம் புலம்பினார். "எனக்குப் பழகிடுச்சுப்பா" என்றாள் அவள், தலை வாரிக்கொண்டே. புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அடுத்த வாரம் தொடரில் மாமியார் பிழைப்பாளா என்று கேட்டார்கள். ஆனால் புதியவள் எதை நீட்டினாலும் படித்துவிட்டு "சூப்பருங்க" என்றாள். வேண்டுமென்றே குப்பையாக ஒன்றை எழுதிக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் கண் கலங்கினாள். அன்றிரவே, மனைவி கேட்டிருந்தபடி, போன கதாநாயகிக்கு ஒரு பிரிவுக் காட்சி எழுதிக்கொண்டு ஓடினார். "இப்ப எதுக்கு சார் அதைக் கிளறிக்கிட்டு?" என்று இயக்குநர் ஓரமாக வைத்துவிட்டார். அதன்பின் எது நல்ல வரி, எது சொத்தை என்று தெரியாமலே மாதக்கணக்கில் எழுதித் தள்ளினார்.

படப்பிடிப்புக்கு வீடு தேடி ஒருநாள் நகரின் மறுகோடியில் ஒரு தையற்காரர் வீட்டு மாடிக்கு ஏறினார். கதவைத் திறந்தது, மாற்றப்பட்டுப் போன அவருடைய மனைவியேதான். கொஞ்சம் இளைத்திருந்தாள். உள்ளே தையற்காரர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "யாருங்க வேணும்?" என்று முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோல் கேட்டாள். வந்த காரியத்தையும் தொடரின் பெயரையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"அதுவா? தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். "எல்லாரும் ஒரே மாதிரி பேசறாங்க. யாருக்காக அழறாங்கன்னு அழறவங்களுக்கே தெரியல. எழுதறவருக்கு வீட்ல எடுத்துச் சொல்ல ஆளே இல்ல போலருக்கு."

"ஆமா, இல்லைங்க" என்றார் அவர்.

பாவம் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டில் வெளிச்சம் போதாது. கேமரா வைக்கவும் இடம் கிடையாது. ரொம்பப் பொருத்தமான வீடு, திங்கட்கிழமையிலிருந்து தினமும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.