பாறை ஓரத்தில் ஒரு ஜோடிச் செருப்பு

1

இந்தக் கதை ஒரு மோசமான படத்திலிருந்து பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், குஷிரோ ஊரில் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது, கால் விறைத்தது, தியேட்டருக்குள் ஹீட்டர் இருந்தது. போனேன். சிறையிலிருந்து தப்பிக்கும் படம். சிரிக்கவும் வைக்க வேண்டும், அழவும் வைக்க வேண்டும் என்று இயக்குநருக்கு ஆசை. இரண்டும் ஒன்றையொன்று இடறிவிட்டதில் எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

ஒரு காட்சி மட்டும் தேறும். தப்பியோடும் கைதி கடலோரப் பாறையை அடைகிறான். வெறுங்காலோடு இறங்கினால்தான் பிடி கிடைக்கும். செருப்பைக் கழற்றுகிறான். கழற்றியவன், வளர்த்த வளர்ப்பு விடுமா, இரண்டையும் அழகாகச் சேர்த்து வைத்துவிட்டு இறங்குகிறான்.* துரத்தி வந்த காவலர் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றுகிறார். ஊதுபத்திக்குப் பதிலாக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துப் பனியில் நட்டு, கண்ணீர் விடுகிறார். கீழே பாறையைப் பற்றித் தொங்குகிறவன் தும்மலை அடக்கிக்கொண்டு தன் இழவைத் தானே கேட்கிறான்.

(* உயரமான இடத்தில் செருப்பு ஜோடியாக இருந்தால், அதன் சொந்தக்காரர் குதித்துவிட்டார் என்றே எங்கள் ஊரில் எவரும் நினைப்பார்கள்.)

இந்த இடத்தில் இயக்குநர் ஊதுகுழலை அலறவிட்டுக் காட்சியைக் கெடுத்தார். ஆனால் எனக்கு முன்வரிசையில் ஒரு பெண்ணிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா? அது தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மியோகோ தன்

(வேண்டாம். ஹொக்கைடோ என்றாலே பனியில்தான் தொடங்க வேண்டுமா?)

சிறை வாசலில் கணவனைப் பார்த்தபோது மியோகோவுக்கு முதலில் தோன்றியது, இவருக்குத் தலை இவ்வளவு சின்னதா என்பதுதான்.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்வோம்.

3

நான் கண்ணால் கண்டது கொஞ்சம். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். பக்கத்தில் ஓர் ஆள். அவர் கோட்டில் பல வருடம் மடித்து வைத்திருந்த மடிப்பு அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அவள் பெயர் மியோகோ, அவள் கணவரான அவர் பெயர் குனிஹிரோ என்றும், குடித்துவிட்டு லாரி ஓட்டி ஒருவரைக் கொன்றவர் என்றும், அன்று காலைதான் விடுதலையானார் என்றும் நானே முடிவு செய்தேன்.

மியோகோ அவரை அழைத்துப்போக வரவில்லை. வீட்டுக்கு வராதீர்கள் என்று சொல்ல வந்திருக்கிறாள். மகள் அகானேவுக்கு வசந்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தபோது, அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லியாகிவிட்டது. அதை எப்படி ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது? நூடுல்ஸ் கடையில் வாய் வரவில்லை. பஸ்ஸிலும் வரவில்லை. படம் பார்ப்போமா என்றாள். அவசரத்தில் என்ன படம் என்று பார்க்கவில்லை.

(சிறையிலிருந்து வந்தவரைச் சிறைப் படத்துக்கே கூட்டிப்போவதா? நம்பும்படி இல்லைதான். ஆனால் அந்தத் தியேட்டரில் ஒரே திரை, நான் என்ன செய்ய?)

4

எங்கள் ஆட்கள், படம் எவ்வளவு மட்டமானாலும், கடைசிப் பெயரும் ஓடி முடிந்து விளக்கு எரியும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். விஷயத்தைச் சொல்லிவிட அந்த இருட்டைத்தான் மியோகோவுக்குக் கொடுத்தேன்.

முதல் வரைவில் அதைக் கேட்டுக் குனிஹிரோ கத்தினார். கிழித்தேன். இரண்டாவதில் காலில் விழுந்தார். அதைவிட மோசம். மூன்றாவதில் நான் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் பேசவிட்டேன்.

"அகானேவுக்குக் கல்யாணம். அவங்க வீட்டுல, நீங்க... இல்லன்னு சொல்லிட்டோம்."

திரையில் சமையல்காரர்களின் பெயர்கள் ஓடின.

"எதுல செத்தேன்?"

"ஈரல் கெட்டுப்போய்."

"நல்லவேள, நம்புற மாதிரிதான் சொல்லியிருக்கீங்க."

இப்போதும் மியோகோவிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. எழுதிய எனக்கே அது என்னவென்று தெரியவில்லை. அந்த இயக்குநரைத் திட்டியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

5

முடிவு அ: அவள் அவரை வீட்டுக்கு அழைத்துப்போகிறாள், கல்யாணம் நின்றுபோகிறது. முடிவு ஆ: ஸ்டேஷனில் பிரிகிறார்கள், மகள் அப்பாவின் படத்துக்கு முன்னால் கைகூப்பிவிட்டு மணமேடைக்கு

இல்லை. இரண்டிலும் முடிவை அவள் தலையில் மட்டுமே கட்டுகிறேன். அவருக்கும் ஒரு வாய் இருக்கிறதே.

"தங்க எடம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றார் அவர், உடனே.

இல்லை என்பது எனக்குத் தெரியும். எழுதுகிறவன் நான், அவருக்கென்று ஓர் அறையைக்கூட நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. விளக்கு எரிந்துவிட்டது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அதை நம்பட்டுமா வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை.