ஒட்டுக்கேளான் சொன்ன உதாரணம்

எங்கள் அபார்ட்மெண்டில் நாலாவது மாடி சௌரிராஜன் மாமாவுக்கு ஒரு ரகசிய வாழ்க்கை உண்டு. கிழக்குப் பக்கத்து வீடுகள் அத்தனைக்கும் அது தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது மட்டும் மாமாவுக்குத் தெரியாது. அதாவது, போன மாசம் வரைக்கும்.

அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் கட்டடம். நாலு மாடி, மாடிக்கு நாலு வீடு. கிழக்குப் பக்கத்து எட்டு சமையலறைகளும், காற்றுக்கென்று நடுவில் விட்ட கிணறு மாதிரியான ஓர் இடைவெளியைப் பார்த்துத் திறக்கும். நாலாவது மாடியில் மிளகு ரசம் கொதித்தால், ஜலதோஷம் மாமாவுக்கா மாமிக்கா என்று முதல் மாடியில் யோசிப்பார்கள். அப்படி ஒரு வசதி.

மாமா முப்பத்துநாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். ரிட்டயர் ஆனபின் ஓர் இணையக் குழுவில் சேர்ந்தார். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் தமிழர்கள் சொந்தப் பேரில் சொல்லத் துணியாததை எல்லாம் வேறு பேரில் சொல்லிக்கொள்ளும் இடம். அங்கே அவர் பெயர் 'ஒட்டுக்கேளான்', அதாவது ஒட்டுக் கேட்காதவன். கேமரா, கைரேகை, செல்போன், குடிமகனின் உரிமை, இவற்றைப் பற்றித்தான் எழுதுவார். விரல் தடிமன், ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழும். அதனால் போனிடம் வாயால் சொல்லி எழுத வைப்பார். காதும் கொஞ்சம் மந்தம். ஆகவே போனுக்கும் மந்தம் என்று நினைத்து, சமையலறையை ஒட்டிய சின்ன பால்கனியில் நின்றுகொண்டு, தினமும் காலை பதினொரு மணிக்கு ஊரைக் கூட்டுகிற குரலில் ரகசியமாக எழுதுவார்.

"மறைக்க ஒன்றும் இல்லாதவன் குளியலறைக்கு எதற்குக் கதவு வைக்கிறான் கேள்விக்குறி. அடுத்த பத்தி."

நாங்கள் மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்போம். இரண்டாவது மாடி ஷாஜியா குக்கரை இறக்கியே வைத்துவிடுவாள். செண்பகவல்லி மாமி முதல் வாரமே ஒவ்வொரு வீடாக வந்து சொல்லிவிட்டார்: "அவர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்கோ. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுண்டிருக்கார். அந்த ஒரு சந்தோஷத்துல பி.பி. மாத்திரை பாதியா குறைஞ்சிருக்கு."

நாலு வருஷம் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது வேணி. வேணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பேரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றவர்கள் பேர் எல்லாம் நிஜம்தான், கோபித்துக்கொண்டால் பார்த்துக்கொள்ளலாம். மேலூரிலிருந்து சைக்கிளில் வந்து எங்கள் கட்டடத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து வீடு துடைக்கிறாள். மாமா வீடு, அதற்குக் கீழே மூன்றாவது மாடியில் என் வீடு, இன்னும் இரண்டு. அவளுடைய பிழைப்பு மொத்தமும் இந்தக் கட்டடம்தான்.

எங்கள் சங்கத்தின் செயலாளர் ஹரிஹரசுதன் முதல் மாடி மேற்கில் இருக்கிறார். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். நல்ல பிள்ளை, ஆனால் எதற்கும் ஒரு ஆப் இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வாசலுக்கு ஒரு மிஷின் வாங்கலாம் என்றார். வேலைக்கு வருகிறவர்கள் முகத்தைக் காட்டினால்தான் கேட் திறக்கும். எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்த வீட்டுக்குப் போனார்கள், எல்லாம் எல்லார் போனிலும் தெரியும். அதே ஆப் போட்டிருக்கிற மற்ற அபார்ட்மெண்டுகாரர்களும் பார்க்கலாம். வேலை எப்படி என்று ஸ்டாரும் போடலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷம் நான் பால்கனியில் கால் கடுக்க நின்று செய்த வேலையை ஒரு மிஷின் என்னை உட்கார்த்தி வைத்துச் செய்கிறது என்றால் கசக்கவா செய்யும்?

மற்ற வேலைக்காரர்கள் முகம் காட்டிவிட்டார்கள். வேணி மட்டும், "எனக்கு வேணாங்க" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "வேணாங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வதாக ஹரிஹரசுதன் சொன்னார். முடிவு என்ன என்று எல்லாருக்கும் தெரியும்: முகம் இல்லாவிட்டால் கேட் திறக்காது.

காரணத்தை வேணி மாமாவிடமும் மாமியிடமும் மட்டும் சொல்லியிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. ஆறு வருஷமாக என் வீட்டில் காப்பி குடிக்கிறாள். போகட்டும்.

அந்த வியாழக்கிழமை மோட்டார் எரிந்துபோய், எலக்ட்ரீசியன் பத்து மணிக்கே கட்டடத்துக்கு மொத்தமாக மெயினை அணைத்துவிட்டான். கீழே போய்த் தண்ணீர் பிடித்து வந்து வேலை செய்ததில் வேணிக்கு நேரமாகிவிட்டது. வழக்கமாகப் பத்தே முக்காலுக்கு என் வீட்டை முடித்துவிட்டுப் போகிறவள், பதினொரு மணிக்கும் என் சிங்க்கில் பாத்திரத்தோடு நின்றாள். மின்விசிறி இல்லை, மிக்சி இல்லை, ஒரு சத்தம் இல்லை. மேலே மாமா தொண்டையைச் செருமினார்.

அந்தக் குழுவில் 'நேர்வழி' என்று ஒருவர் உண்டு. மாமா எது எழுதினாலும், "தப்புச் செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்?" என்று வந்து நிற்பவர். முந்தின நாள் அவர், "தத்துவம் போதும். ரத்தமும் சதையுமாக ஒரே ஒரு உதாரணம் சொல்லும்" என்று சவால் விட்டிருந்தார். அதை மாமா ஆரம்பத்திலேயே சத்தமாகப் படித்தார். பிறகு பதில் சொன்னார்.

"உதாரணம் என் வீட்டிலேயே இருக்கிறது முற்றுப்புள்ளி. எங்களிடம் வேலை செய்யும் ஒரு பெண் கமா..."

முழுக்கச் சொன்னார். பேர் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் ஏன் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறாள், அவள் எங்கே இருக்கிறாள் என்று எவனுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் என்ன ஆகும், அவன் எந்த ஊர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன், அங்கேயும் இதே ஆப் எப்படி இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு போதும். மிச்சத்தை என்னிடம் கேட்காதீர்கள்.

வேணி சொம்பைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இது மத்த வீட்டுக்கும் கேக்குமா?"

"கேக்கும்."

"தினமும் பேசுவாரா?"

"தினமும்தான். அவருக்குத் தெரியாது வேணி, நமக்குக் கேக்குதுன்னு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படியேறினாள். நானும் ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மாமிக்குக் கொடுக்கத்தான்.

மாமா ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, எழுதினதைத் திருத்திக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தேஜஸ்.

"மாமா, அதை அனுப்பிட்டீங்களா?"

"எதை?"

"என் கதையை."

"இன்னும் இல்லையேம்மா. உன் பேர் எல்லாம் போடலே. நீ எப்படி..." என்றவர் நிறுத்திவிட்டார்.

"அக்கா வீட்டுல பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தேன். கேட்டுச்சு."

மாமா மாமியைப் பார்த்தார். மாமி தரையைப் பார்த்தார். "நாலு வருஷமா கேட்டுண்டுதான் இருக்கு. உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லலே."

"எல்லாருக்குமா?"

"கிழக்குப் பக்கத்துக்கு மட்டும்தான் மாமா" என்றேன் நான். ஆறுதலாக இருக்கட்டுமே என்று.

அவர் போனைத் திருப்பி வேணியிடம் காட்டி, அவள் கண்ணெதிரே அழித்தார். "தப்புப் பண்ணிட்டேன்மா."

"அதை அழிச்சிட்டீங்க" என்றாள் வேணி. குரல் உயரவே இல்லை. "கேட்டவங்க காதுல இருக்கிறதை எப்படிங்க அழிப்பீங்க? ஒரு வீட்டுல ஒருத்தர் வாய் தவறினா நான் இந்தப் பக்கமே வர முடியாது."

மாமா எழுந்து உள்ளே போனார். சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இங்கே குடிவந்த பதினோரு வருஷத்தில் பக்கத்து வீட்டு வாசல்படி மிதிக்காத மனுஷர், என் வீட்டைக் கழித்து மற்ற ஆறு வீட்டுக்கும் ஏறி இறங்கினார். கறிவேப்பிலையோடு நானும் போனேன். மாமி அதை இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஷாஜியா கதவைத் திறந்தாள். "வாங்க மாமா, உள்ள வாங்க."

"இல்லேம்மா. கொஞ்சம் முன்னாடி நான் பேசினது உனக்குக் கேட்டிருக்கும். அது நான் சொல்லியிருக்கக் கூடாத விஷயம். தயவுசெஞ்சு உன்னோட நிக்கட்டும்."

ஷாஜியா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "என்ன பேசினீங்க மாமா? நான் மிக்சி போட்டிருந்தேன், ஒண்ணும் கேக்கல."

அடுத்த வீட்டில் வாஷிங் மெஷின் ஓடியிருக்கிறது. அதற்கடுத்த வீட்டில் டி.வி. சத்தம். கரண்டே இல்லாத கட்டடத்தில் ஆறு வீட்டிலும் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்ததை, ஆயுசு பூராவும் மின்சாரத்தோடு பழகிய மனுஷர் ஒவ்வொரு வாசலிலும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். கடைசி வீட்டில் மட்டும் கைகூப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கார் நிறுத்துகிற இடத்தில் நடந்தது. வேணி வரவில்லை, வரச் சொல்லவும் இல்லை. ஹரிஹரசுதன் மரியாதையாகத்தான் பேசினார். "எனக்கும் வேணிக்கா மேல ஒண்ணும் கிடையாதுங்க. காரணம் என்னன்னு யாராவது சொன்னா போதும், அவங்களுக்கு மட்டும் விலக்கு குடுத்துடலாம். யாருக்காவது தெரியுமா?"

கிழக்குப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் கீழே இருந்த ஆயில் கறையைப் பார்த்தோம். என் நாக்கு நுனியில் அது வந்து உட்கார்ந்திருந்தது. ஒரே வாக்கியம், அவள் வேலை நிலைத்துவிடும். அப்புறம் அது மேற்குப் பக்கம் போகும், அங்கிருந்து வாட்ச்மேனுக்கு, அங்கிருந்து இன்னொரு வாட்ச்மேனுக்கு. நான் வாயை மூடிக்கொண்டேன். வலித்தது.

மாமா எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"காரணம் சொன்னாத்தான் விலக்குன்னா, அது விலக்கு இல்லே ஹரி, கமா, அதுவும் ஒரு கேமராதான் முற்றுப்புள்ளி."

மேற்குப் பக்கத்தவர்களுக்குப் புரியவில்லை. நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டோம். மாமாவுக்குக் காது சிவந்தது, ஆனாலும் உட்காரவில்லை.

"எக்ஸ்சேஞ்சுல ஊர்ப் பேச்சு பூரா என் கையிலே ஒயரா இருந்தது. காதுல வச்சா கேக்கும். நான் வச்சதில்லே. ஏன் வைக்கக் கூடாதுன்னு பேசினவா யாரும் எனக்குக் காரணம் சொல்லலே. சொல்ல வேண்டியதும் இல்லே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மிஷின் வேணும்னா வையுங்கோ. முதல்ல என் மூஞ்சியைப் பிடிச்சுக்கோங்கோ. பதினாறு வீட்டுக்காராளும் போறச்சே வரச்சே காட்டுவோம். யார் எத்தனை மணிக்கு வந்தான்னு எல்லாரும் பார்ப்போம். வேலைக்கு வரவாளும் நமக்கு ஸ்டார் போடட்டும்."

சில ஆண்கள் சட்டென்று ஹரிஹரசுதனைப் பார்த்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும், அது வேறு கதை.

"உங்களுக்கு எத்தனை ஸ்டார் கிடைக்கும் மாமா?" என்றாள் ஷாஜியா.

"இந்த வாரம் ஒண்ணும் கிடைக்காதும்மா."

கையைத் தூக்கச் சொன்னதில் பதினொரு வீடு வேண்டாம் என்றது. நானும்தான். வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும், பேர் எழுதினால் போதும் என்று முடிவாயிற்று. ஹரிஹரசுதன் முகம் கொஞ்சம் வாடியது. மறுநாள் நோட்டை அவரே வாங்கி, கோடும் போட்டு வைத்தார்.

வேணி வேலைக்கு வந்தாள். ஆனால் மாமாவிடம் பேசவில்லை. பத்து நாள். அவர் காலைத் தூக்கினால் அடியில் துடைத்தாள், தூக்காவிட்டால் சுற்றித் துடைத்தாள். மாமா பதினொரு மணிக்கு பால்கனிக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒற்றை விரலால் தட்டுகிறார், ஒரு வரிக்கு அரை மணி ஆகிறது என்று மாமி சொன்னார். நேர்வழி மட்டும் தினமும் வந்து, "உதாரணம் எங்கே ஐயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். மாமா எழுதிய பதில் ஒரே வரி: "இருக்கிறது. சொல்ல எனக்கு உரிமை இல்லை."

"தோத்துட்டேன்னு அங்கே எல்லாரும் கேலி பண்றா" என்றார் மாமி. "கவலையா இருக்கு. மாத்திரை மறுபடி முழுசாயிடுமோ என்னமோ."

பதினோராம் நாள் நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். மேலே வேணியின் குரல். இந்தத் தடவை அவள்தான் பால்கனி ஓரம் துடைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"மாமா, அந்த ஆளு இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்காரா? மாமி சொன்னாங்க."

"ஆமாம்மா. விடு."

"அவருக்கு நான் ஒரு வார்த்தை சொல்லணும். என் பேர் வராம போட முடியுமா?"

"உன் கதை அங்கே வேண்டாம் வேணி."

"கதை சொல்லப் போறதில்லைங்க. கருத்துதான். அங்க எல்லாரும் அதானே சொல்றாங்க?"

நாற்காலி நகர்கிற சத்தம். "என்ன பேர்ல போடணும்?" என்றார் மாமா, பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"அதை உள்ள வந்து சொல்றேன். மொதல்ல இந்தக் கதவைச் சாத்துங்க."

கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு ஜன்னலைச் சாத்துகிற சத்தம். நான் அடுப்பை அணைத்தேன், குழாயை மூடினேன், வாழைப்பூவைக் கீழே வைத்தேன்.

கீழே இரண்டாவது மாடியில் குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஷாஜியா மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

"இல்லடி."

"எனக்கும் இல்லக்கா."